பதவியும் பொறுப்பும்

பச்சைமலைச் சாரலில் தோன்றிப் பெரம்பலூர், அரியலூர்ப் பகுதிகளின் வழியே ஓடிக் கொள்ளிடத்தோடு கலப்பது மருதையாறு. ஆண்டின் பெரும்பகுதி மணல் தெரியக் கிடக்கும் சிற்றாறு அது. ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் மழை வலுத்தாலோ கரைபுரண்டு ஓடும். விழுப்புரத்திலிருந்து விருத்தாசலம், அரியலூர் வழியாகத் திருச்சிராப்பள்ளிக்குச் செல்லும் இருப்புப்பாதை, அரியலூரைக் கடந்ததும் இவ்வாற்றின்மீது செல்கிறது. 1956ஆம் ஆண்டு அவ்விடத்தில் நேர்ந்த பெருந்துன்பம், நெடுந்தொலைவிலுள்ள தில்லி மாநகரில் ஓர் அமைச்சரைத் தம் பதவியைத் துறக்கச் செய்தது. அவ்வமைச்சரே பிற்காலத்தில் இந்தியாவின் பிரதம அமைச்சராக விளங்கிய லால் பகதூர் சாஸ்திரியார் ஆவார். மக்களாட்சியில் பதவி என்பது யாது, பாராளுமன்றம் மக்களுக்காக இயங்குவது எங்ஙனம் என்னும் வினாக்களுக்கு அவருடைய வாழ்க்கை தெளிவான விடையாக அமைந்துள்ளது.

சாஸ்திரியார் 1904ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள், காசிக்கு அண்மையிலுள்ள முகல்சராய் என்னும் ஊரில் பிறந்தார். தந்தையார் சாரதா பிரசாத் முதலில் பள்ளி ஆசிரியராகவும், பின்னர் அலகாபாத்தில் வருவாய்த் துறை எழுத்தராகவும் பணியாற்றியவர். தாயார் ராம்துலாரி தேவியார். குழந்தைக்கு இரண்டு வயது நிரம்புமுன்னரே தந்தையார் காலமானார். இளந்தாய் தம் மக்களை அழைத்துக்கொண்டு பிறந்தகம் சேர்ந்தார். பாட்டனார் வீட்டிலும், பின்னர்க் காசியில் உறவினர் இல்லத்திலும் லால் பகதூர் வளர்ந்தார். வறுமை அவருக்குப் புதியதன்று. செருப்பில்லாத கால்களோடு வெயிலில் நெடுந்தொலைவு நடந்து பள்ளிக்குச் சென்று வந்தார் என்பர்.

அவருடைய இளமை பற்றிய செய்தி ஒன்று பலராலும் சொல்லப்படுகிறது. சிறுவர் சிலர் ஒரு தோட்டத்தில் புகுந்து பழம் பறித்தனர். தோட்டக்காரன் வரக் கண்டதும் மற்றவர்கள் ஓடிவிட்டனர். வயதில் சிறிய லால் பகதூர் அகப்பட்டுக் கொண்டார். தாம் தந்தையற்றவர் ஆதலால் அடிக்க வேண்டாமென்று அவர் அழுதார். தந்தை இல்லாத பிள்ளையே மற்றவரினும் மிகுதியாக ஒழுக்கத்தைப் பேண வேண்டும் என்று தோட்டக்காரன் அறிவுறுத்தி அனுப்பினானாம். தம் நிலையைச் சலுகை பெறுவதற்குக் காரணமாகக் கருதாமல், கடமையை மிகுவிக்கும் காரணமாகக் கருதவேண்டும் என்னும் பாடத்தை அவர் அன்றே கற்றுக் கொண்டார்.

1921ஆம் ஆண்டு, காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நாடெங்கும் பரவியது. அப்பொழுது பதினாறு வயதினராயிருந்த லால் பகதூர் பள்ளியை விட்டு வெளியேறினார். பின்னர், நாட்டுப்பற்றாளர்கள் நிறுவிய காசி வித்யாபீடத்தில் சேர்ந்து தத்துவம் பயின்று, சாஸ்திரி என்னும் பட்டம் பெற்றார். சாதியைக் குறிக்கும் சொல்லைத் தம் பெயரோடு சேர்த்து வழங்க அவர் விரும்பவில்லை. கல்வியால் பெற்ற பட்டமே அவருடைய பெயரில் நிலைத்தது. லாலா லஜபதிராயர் நிறுவிய மக்கள் தொண்டர் சங்கத்தில் சேர்ந்து, சிறு ஊதியம் பெற்றுக்கொண்டு நாட்டுப்பணி செய்தார். 1928ஆம் ஆண்டு லலிதா தேவியாரை மணந்தபோது, இராட்டை ஒன்றும் கதர்த் துணியும் அன்றி வேறு சீர்வரிசை எதனையும் அவர் ஏற்கவில்லை.

விடுதலைப் போரில் பலமுறை சிறை சென்று, பல ஆண்டுகளை அவர் அங்கே கழித்தார். ஒருமுறை அவர் சிறையிலிருந்தபோது மகள் கடுநோயுற்றாள். அவரைப் பதினைந்து நாள் வெளியே செல்ல விடுத்தனர். வீடு சேர்வதற்குள் குழந்தை இறந்துவிட்டது. செய்ய வேண்டிய கடன்களைச் செய்து முடித்தபின், எஞ்சிய நாட்கள் இருந்தும் வீட்டில் தங்காமல் அவர் சிறைக்குத் திரும்பினார். எந்தக் காரணத்திற்காக விடுப்புக் கிடைத்ததோ அந்தக் காரணம் நீங்கியபின் வெளியே இருத்தல் முறையன்று என்பது அவருடைய கருத்து. பெற்ற பதவியைப் பற்றிப் பின்னாளில் அவர் எண்ணியதும் இவ்வாறே.

1937ஆம் ஆண்டு ஐக்கிய மாகாணச் சட்டமன்றத்திற்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். நாடு விடுதலை பெற்ற 1947ஆம் ஆண்டில் கோவிந்த வல்லப பந்த் தலைமையில் அம்மாகாணத்தின் காவல் துறைக்கும் போக்குவரத்துத் துறைக்கும் அமைச்சரானார். அரசுப் பேருந்துகளில் பெண்களை நடத்துநர்களாக அமர்த்தியவர் அவர். கூட்டத்தைக் கலைக்கத் தடியடி நடத்துவதற்கு மாறாக, நீரைப் பீய்ச்சிக் கலைக்குமாறு காவலர்க்கு ஆணையிட்டவரும் அவரே.

குடியரசான இந்தியாவின் முதற் பொதுத்தேர்தல் 1951ஆம் ஆண்டு அக்டோபரில் தொடங்கி 1952ஆம் ஆண்டு பிப்ரவரி வரை நடைபெற்றது. காங்கிரசுக் கட்சியின் பொதுச் செயலாளராக இருந்த சாஸ்திரியார், அக்கட்சியின் தேர்தல் பணிகளை முன்னின்று நடத்தினார். ஆயினும் தாம் மக்களவைத் தேர்தலில் நிற்கவில்லை. உத்தரப் பிரதேசத்திலிருந்து மாநிலங்களவை உறுப்பினராகித் தில்லி சென்றார். 1952ஆம் ஆண்டு மே மாதத்தில் இரயில்வே, போக்குவரத்துத் துறை அமைச்சராகப் பொறுப்பேற்றார்.

அவர் அமர்ந்த பாராளுமன்றத்தின் அமைப்பை அறிந்தாலன்றி, அவர் செய்த செயலின் பெருமையை உணர்தல் இயலாது. இந்தியப் பாராளுமன்றம் குடியரசுத் தலைவரையும் இரண்டு அவைகளையும் உடையது. மக்களவை, வயது வந்த குடிமக்கள் நேரே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அவை. நாடு பல தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டுத் தொகுதிதோறும் உறுப்பினர் தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். முதல் மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டோர் 489 பேர். இந்நாளில் அவ்வெண்ணிக்கை 543 ஆகும். அவர்களுள் 39 பேர் தமிழ்நாட்டிலிருந்து செல்பவர். அவ்வவையின் காலம் ஐந்து ஆண்டு. மாநிலங்களவையோ ஒருபோதும் கலைக்கப்படாதது. அதன் உறுப்பினருள் பெரும்பாலோரை மாநிலச் சட்டமன்ற உறுப்பினர் தேர்ந்தெடுக்கின்றனர். கலை, இலக்கியம், அறிவியல், சமூகத்தொண்டு ஆகியவற்றில் சிறந்த 12 பேரைக் குடியரசுத் தலைவர் அமர்த்துகிறார். ஒவ்வோர் உறுப்பினர்க்கும் ஆறு ஆண்டுக் காலம் உண்டு. இரண்டாண்டுக்கு ஒருமுறை மூன்றில் ஒரு பங்கினர் விலகுவர்.

அமைச்சர் ஒருவர் இவ்விரண்டு அவைகளுள் எதில் உறுப்பினராயினும் இரண்டிலும் பேசலாம். வாக்களிப்பது மட்டும் தாம் உறுப்பினராயுள்ள அவையிலேயாம். ஆனால் அமைச்சரவை முழுவதும் கூட்டாகப் பொறுப்புடையதாயிருப்பது மக்களவைக்கே என்று அரசியல் சட்டம் விதித்துள்ளது. மக்களவையின் நம்பிக்கையை இழந்த அமைச்சரவை ஆட்சியில் நீடித்தல் இயலாது. துறைகளின் செலவுக்கான மானியக் கோரிக்கைகளை வாக்கெடுத்து வழங்குவதும் மக்களவையே. சாஸ்திரியார் மாநிலங்களவை உறுப்பினராயினும், மக்கள் நேரே தேர்ந்தெடுத்த அவையின் முன் கணக்குக் கூறும் கடமையிலிருந்து அவர் நீங்கியவர் அல்லர்.

மக்களவை கூடும் நாட்களில் முதல் மணி நேரம் பெரும்பாலும் வினாக்களுக்குரியது. ஏதோ ஒரு சிற்றூரில் இரயில் நிற்கவில்லை என்றாலும், ஒரு நிலையத்தில் குடிநீர் இல்லை என்றாலும், அத்தொகுதியின் உறுப்பினர் எழுந்து வினவலாம். துறையின் அமைச்சர் விடை கூறியே ஆகவேண்டும். இரயில்வேயின் வரவு செலவுத் திட்டம் 1924ஆம் ஆண்டு முதல் 2016ஆம் ஆண்டு வரை பொது வரவு செலவுத் திட்டத்தினின்றும் தனியே வைக்கப்பட்டு வந்தமையால், இரயில்வே அமைச்சர் ஆண்டுதோறும் தம் துறையின் குறை நிறைகளை அவையின் முன் விரிவாக எடுத்துரைக்க வேண்டியிருந்தது. செலவான பணம் விதித்த வழியில் செலவாயிற்றா என்பதைப் பொதுக் கணக்குக் குழு ஆராய்ந்தது.

இத்தகைய பொறுப்பைச் சாஸ்திரியார் நான்கரை ஆண்டு சுமந்தார். பெட்டியில் இடமின்றி நெருக்குண்டு செல்லும் மூன்றாம் வகுப்புப் பயணிகளின் நலத்தில் அவர் கருத்துச் செலுத்தினார். அவ்வகுப்புப் பெட்டிகளில் மின்விசிறி அமைக்க வழிசெய்தார். அவர் அமைச்சராயிருந்த காலத்திலேதான், சென்னைப் பெரம்பூரில் இரயில் பெட்டித் தொழிற்சாலை 1955ஆம் ஆண்டு அக்டோபர் 2ஆம் நாள் நேருவால் தொடங்கி வைக்கப்பெற்றது.

1956ஆம் ஆண்டு செப்டம்பரில், அந்நாளில் ஐதராபாத் மாநிலத்தைச் சேர்ந்திருந்த மகபூப்நகருக்கு அருகே பாலம் ஒன்று இடிந்து, இரயில் கவிழ்ந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அதற்குத் தாமே பொறுப்பு என்று கூறிச் சாஸ்திரியார் பதவி விலக முன்வந்தார். பிரதம அமைச்சர் நேரு அதனை ஏற்கவில்லை. சாஸ்திரியார் பணியைத் தொடர்ந்தார். ஆனால் அவருடைய உள்ளம் அமைதியுறவில்லை.

மூன்று திங்கள் கழியவில்லை. நவம்பர் 22ஆம் நாள் இரவு, சென்னை எழும்பூரிலிருந்து தூத்துக்குடி விரைவு வண்டி புறப்பட்டது. கார்த்திகை மழை பெய்து கொண்டிருந்தது. மருதையாறு பெருக்கெடுத்து, பாலத்தின் அணைகரையை அரித்திருந்தது. 23ஆம் நாள் விடியற்காலையில், பயணிகளுள் பெரும்பாலோர் உறங்கிக்கொண்டிருந்த வேளையில், வண்டி அரியலூர் நிலையத்தைக் கடந்து கல்லகத்தை நோக்கிச் சென்றது. பாலத்தருகே தண்டவாளம் நிலைகுலைந்தது. எஞ்சினும் அதனைத் தொடர்ந்த பெட்டிகளும் வெள்ளத்தில் வீழ்ந்தன. 140க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழகத்தின் தென் மாவட்டங்களில் எத்தனையோ வீடுகள், வருவார் என்று எதிர்பார்த்திருந்தவரை இழந்தன.

செய்தி தில்லியை எட்டியபோது பாராளுமன்றம் கூடியிருந்தது. சாஸ்திரியார் மீண்டும் தம் விலகல் கடிதத்தை நேருவிடம் அளித்தார். இம்முறை அதனை ஏற்றே ஆகவேண்டும் என்று வேண்டினார். அவரை விடுவிக்கலாகாது என்று பாராளுமன்ற உறுப்பினர் பலர் நேருவைக் கேட்டுக்கொண்டனர். சாஸ்திரியாரின் நேர்மையையும் உழைப்பையும் நேரு அறிந்தவர். விபத்துக்கு அவர் காரணம் அல்லர் என்பதையும் மக்களவையில் எடுத்துரைத்தார். எனினும், அரசியல் ஒழுங்கிற்கு அச்செயல் ஓர் எடுத்துக்காட்டாக அமையும் என்று கருதி, விலகலை ஏற்குமாறு குடியரசுத் தலைவர்க்குப் பரிந்துரைத்தார். 1956ஆம் ஆண்டு டிசம்பர் 7ஆம் நாள் சாஸ்திரியார் பதவியிலிருந்து நீங்கினார். ஜகஜீவன்ராம் அப்பொறுப்பை ஏற்றார்.

சாஸ்திரியார் செய்தது சரிதானா என்று அன்றே சிலர் ஐயுற்றனர். மழையைப் பொழிவித்தவர் அமைச்சர் அல்லர். எஞ்சினை ஓட்டியவரும் அல்லர். மருதையாற்றுப் பாலத்தைக் கட்டியவரும் அல்லர். திறமை மிக்க ஒருவர் விலகுவதால் இடிந்த பாலம் எழுந்து நிற்குமா, இறந்தவர் மீள்வரா என்று அவர்கள் கேட்டனர். இவ்வினாக்கள் புறக்கணிக்கத்தக்கன அல்ல. விபத்துத் தோறும் அமைச்சர் விலகிவிடின், குறைகளைக் கண்டறிந்து திருத்துவார் யார் என்பதும் எண்ணத்தக்கதே.

ஆயினும் இதற்கு மறுபக்கம் ஒன்று உண்டு. இரயில்வேயில் பணிபுரிவோர் பல இலட்சம் பேர். அவர்களை மக்கள் தேர்ந்தெடுக்கவில்லை. பாதையைக் காப்பவரையோ, பாலத்தைச் சோதிக்கும் பொறியாளரையோ வாக்காளர் ஒருவர் நேரில் நிறுத்திக் கேள்வி கேட்க இயலாது. அவர் தம் உறுப்பினரைக் கேட்கலாம். உறுப்பினர் அவையில் அமைச்சரைக் கேட்கலாம். அமைச்சர் துறையைக் கேட்கலாம். துறை பாலத்தருகே நிற்கும் ஊழியரைக் கேட்கலாம். வாக்காளரில் தொடங்கி ஊழியரில் முடியும் இத்தொடர் ஒரு சங்கிலி போன்றது. நடுவிலுள்ள அமைச்சர், தவறு செய்தவர் கீழே உள்ளவர் என்று கூறி ஒதுங்குவாராயின், சங்கிலி அங்கேயே அறுந்துவிடும். பின்னர் அரியலூரிலோ பெரம்பலூரிலோ உள்ள ஒரு வாக்காளரின் குரல் இருப்புப்பாதையை எட்டுவதற்கு வழியில்லை. சாஸ்திரியார் காத்தது இச்சங்கிலியையே. துறையின் வெற்றிக்கு மாலை சூட்டிக்கொள்ளும் அமைச்சர், அதன் துன்பத்திற்கும் தலைகுனிய வேண்டும் என்பதை அவர் செயலால் காட்டினார்.

பதவி துறந்தவர் மக்களைத் துறக்கவில்லை. 1957ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் அலகாபாத் தொகுதியில் நின்று வென்று, மக்களவை உறுப்பினரானார். வாக்காளரின் தீர்ப்பைப் பெற்ற பின்னரே அவர் மீண்டும் அமைச்சரானார். போக்குவரத்து, வாணிகம், உள்துறை ஆகியவற்றின் பொறுப்புகள் அடுத்தடுத்து அவரை வந்தடைந்தன. 1963ஆம் ஆண்டு, மூத்த தலைவர்கள் பதவி விட்டுக் கட்சிப்பணி ஆற்ற வேண்டும் என்னும் காமராசர் திட்டத்தின்படி, உள்துறை அமைச்சர் பதவியையும் தயக்கமின்றி விட்டு விலகினார்.

நேரு 1964ஆம் ஆண்டு மே 27ஆம் நாள் காலமானார். காங்கிரசுத் தலைவராயிருந்த காமராசர், கட்சியினரின் கருத்தை அறிந்து ஒற்றுமையான முடிவு காண முயன்றார். அதன் பயனாக, ஜூன் 9ஆம் நாள் சாஸ்திரியார் பிரதம அமைச்சரானார். அவருடைய ஆட்சிக்காலம் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டே. அதற்குள் அவருடைய அமைச்சரவையின்மீது மக்களவையில் மும்முறை நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவரப்பட்டது. மும்முறையும் அத்தீர்மானம் தோற்றது. தம்மைக் குறைகூறியோர்க்கு அவையில் விடை கூறுவதை அவர் இழிவாகக் கருதவில்லை. மக்கள் தந்த பதவிக்கு அதுவும் ஒரு கடன் என்றே எண்ணினார்.

1965ஆம் ஆண்டு சனவரி, பிப்ரவரித் திங்களில், ஆட்சிமொழி பற்றிய அச்சத்தால் தமிழகம் கொந்தளித்தது. நடுவண் அரசில் அமைச்சர்களாயிருந்த சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் தங்கள் விலகல் கடிதங்களை அளித்தனர். எட்டு ஆண்டுகளுக்கு முன் அரியலூர்த் துயரத்திற்காகக் கடிதம் எழுதியவரின் கையில், தமிழகத்தின் வருத்தத்தைத் தெரிவிக்கும் கடிதங்கள் இப்பொழுது வந்து சேர்ந்தன. பிப்ரவரி 11ஆம் நாள் வானொலியில் பேசிய சாஸ்திரியார், இந்தி பேசாத மாநில மக்கள் விரும்பும் வரையில் ஆங்கிலம் நீடிக்கும் என்று உறுதியளித்தார். அவ்விருவரின் விலகலும் பின்னர் ஏற்கப்படவில்லை.

அதே ஆண்டில் பாகிஸ்தானோடு போர் மூண்டது. உணவுப் பற்றாக்குறையும் நாட்டை வாட்டியது. எல்லை காக்கும் வீரரையும் நிலத்தை உழும் உழவரையும் ஒருசேரப் போற்றி, மக்களுக்கு அவர் ஊக்கமளித்தார். போருக்குப் பின், 1966ஆம் ஆண்டு சனவரி 10ஆம் நாள் தாஷ்கண்ட் நகரில் பாகிஸ்தான் குடியரசுத் தலைவர் அயூப்கானுடன் அமைதி உடன்படிக்கையில் கையெழுத்திட்டார். அன்றிரவு கழிந்து பொழுது புலருமுன், 11ஆம் நாள் அதிகாலையில் அவ்வூரிலேயே உயிர் நீத்தார். நாடு அவருக்குப் பாரத ரத்தினம் என்னும் விருதை வழங்கிப் போற்றியது. நாட்டின் உயர்ந்த பதவியில் இருந்த அவர், மோட்டார் வண்டி வாங்குவதற்காக வங்கியில் பெற்றிருந்த கடனை அடைக்காமலே மறைந்தார். அதனை அவருடைய துணைவியார் அடைத்தார்.

மருதையாறு இன்றும் அரியலூரைக் கடந்து ஓடுகிறது. இரயில்களும் அதன்மேல் செல்கின்றன. ஒரே திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில் அடங்கியிருந்த பெரம்பலூரும் அரியலூரும் இன்று இரண்டு மாவட்டங்களின் தலைநகரங்களாக உள்ளன. பெரம்பலூர் நகர் பெரம்பலூர் மக்களவைத் தொகுதியிலும், அரியலூர் நகர் சிதம்பரம் மக்களவைத் தொகுதியிலும் அடங்கியவை. 1962ஆம் ஆண்டு பெரம்பலூர்த் தொகுதி மக்கள் தேர்ந்தெடுத்து அனுப்பிய இரா. செழியன், பிற்காலத்தில் பொதுக் கணக்குக் குழுவின் தலைவராக விளங்கி, அரசின் செலவினங்களை ஆராயும் பணியில் புகழ் பெற்றார். வினவும் கடமையை உறுப்பினரும், விடை கூறும் கடமையை அமைச்சரும் மறவாதிருந்தால்தான் பாராளுமன்றம் மக்களின் மன்றமாக விளங்கும். அவ்விருவரையும் மறவாமல் கேட்கும் கடமை வாக்காளருடையது.

உருவத்தில் சிறியவர், குரலில் மெல்லியவர் சாஸ்திரியார். பதவியைப் பெற்றதனால் பெருமை அடைந்தவர் உலகில் பலர். அதனைத் துறந்ததனால் பெருமை அடைந்தவர் சிலரே. அச்சிலருள் ஒருவராகத் திகழ்ந்து, பதவி தமக்கு உரிமையான உடைமையன்று, மக்கள் நம்பி ஒப்படைத்த அடைக்கலப்பொருள் என்பதை அவர் தம் வாழ்வால் விளக்கிச் சென்றார்.